படத்தில் விழாத புள்ளி

செஞ்சி என்றவுடன் பலர் நினைவிற்கும் முதலில் வருவது அதன் கோட்டையே ஆகும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து நிற்கும் அக்கோட்டை, 2025 ஆம் ஆண்டில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால், அம்மதில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவ்வட்டாரத்துப் பாறைகள் சிற்பியின் உளியோசையைக் கேட்டுவிட்டன. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பகுதியைச் சேர்ந்த தளவானூர் அதற்குச் சான்றாகும். அவ்வூருக்கு அணித்தாகப் பஞ்சபாண்டவர் மலை என்று மக்கள் வழங்கும் குன்று ஒன்று உள்ளது. அதன் தென்முகத்தில், கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குகைக்கோயிலைக் குடைவித்தான். சத்துருமல்லன் என்பது அவன் விருதுப் பெயர்களுள் ஒன்று. அப்பெயராலேயே அக்கோயில் சத்துருமல்லேசுவராலயம் எனப்பட்டது.

முகப்பில் இரண்டு தூண்களும், இரு புறங்களிலும் பாறையோடு ஒட்டிய அரைத்தூண்களும் நிற்கின்றன. நடுத்தூண்களுக்கு மேலே மகரதோரணம் ஒன்று வளைந்து விளங்குகிறது. வாயிலின் இரு பக்கங்களிலும் காவலர் உருவங்கள் உள்ளன. வடமொழிக் கல்வெட்டொன்றும் தமிழ்ச் செய்யுளாலான கல்வெட்டொன்றும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மழையும் வெயிலும் காற்றும் கல்லை நாள்தோறும் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே இருப்பதால், இத்தகைய சின்னங்களை அவ்வப்போது நிழற்படம் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. இன்று எடுத்த படத்தை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால்தான், கல் எவ்வளவு தேய்ந்தது என்பதை அறிய முடியும். ஆகவே அப்படம் உண்மையை மட்டுமே காட்டுதல் வேண்டும். கல்லில் உள்ள ஒன்று அதில் விடுபடவும் ஆகாது. கல்லில் இல்லாத ஒன்று அதில் புகவும் ஆகாது.

இத்தகைய பணிக்கு ஒருவர் டி.எஸ்.எல்.ஆர். காமிராவுடன் செல்வதாகக் கொள்க. அவர் காமிராவைக் கண்ணருகே வைத்து, வியூபைண்டர் எனப்படும் சாளரத்தின் வழியே மகரதோரணத்தை நோக்குகிறார். அங்கே கல்லின்மேல் மூன்று கரும்புள்ளிகளும் மயிரிழை போன்ற ஒரு கோடும் தெரிகின்றன. காமிராவைத் திருப்பி வானத்தை நோக்கினால், அதே புள்ளிகள் வானத்திலும் அதே இடத்தில் நிற்கின்றன. அவை கல்லில் இல்லை. காமிராவினுள் புகுந்த தூசிகளே என்பது அப்பொழுது விளங்குகிறது. உடனே பெரும்பாலோர் என்ன செய்வர்? லென்சைக் கழற்றி, மேலாடையின் நுனியால் உள்ளே துடைக்க முற்படுவர். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்திய கதை இதுவே ஆகும். எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றிலேனும் விழாத தூசியை அகற்றப் போய், என்றும் நீங்காத கீறலை உண்டாக்கிவிடுவர். இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், ஒளி காமிராவினுள் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

காட்சியை ஓர் ஆடியால் மேல்நோக்கித் திருப்பிக் காணும் வழி மிகப் பழையது. செர்மானியரான யோகான் சான் என்பவர், கையில் எடுத்துச் செல்லத்தக்க அத்தகைய ஒரு பெட்டியை 1685 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கியிருந்தார். படத்தைப் பதிய வைக்கும் பொருள் கண்டறியப்படாத காலம் அது. பின்னர் 1861 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுத் தாமசு சட்டன் என்பவர், நிழற்படம் எடுக்கும் ஒற்றை லென்சுக் காமிராவில் ஆடியைப் பொருத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். செர்மனியின் திரெசுடன் நகரில் 1949 ஆம் ஆண்டில் வெளிவந்த காண்டாக்சு எஸ் என்னும் காமிராவில், ஆடிக்கு மேல் ஐங்கோணப் பட்டகம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அதனால் காட்சியை இடவல மாற்றமின்றிக் கண் மட்டத்திலிருந்தே நேராகக் காண முடிந்தது. படச்சுருளின் இடத்தில் மின்னணுச் சென்சாரைப் பொருத்திய முதல் விற்பனைக் காமிராவைக் கோடாக்கு நிறுவனம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆடியும் பட்டகமும் மட்டும் பழைய நிலையிலேயே தொடர்ந்தன.

இக்காமிராவினுள் ஒளிக்கு இரண்டு வழிகள் உண்டு. லென்சின் வழியே புகுந்த ஒளி, முதலில் சாய்வாக நிற்கும் ஆடியின்மேல் படுகிறது. ஆடி அதனை மேலே திருப்புகிறது. மேலே தேய்த்த கண்ணாடி போன்ற மெல்லிய தகடு ஒன்று கிடைமட்டமாக உள்ளது. அதனைக் குவியத்திரை என்பர். காட்சியின் உருவம் அத்திரையின்மேல் விழுகிறது. அவ்வுருவத்தை ஐங்கோணப் பட்டகம் நேராக்கித் தர, கண்ணருகே உள்ள சிறு வில்லை பெரிதாக்கிக் காட்டுகிறது. இது கண்ணிற்குரிய வழியாகும். படம் எடுக்கும் பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலே எழுந்து குவியத்திரையை மூடிக்கொள்கிறது. பின்னாலுள்ள ஷட்டர் திறக்கிறது. ஒளி நேராகச் சென்று சென்சாரின்மேல் விழுகிறது. இது படத்திற்குரிய வழியாகும். வியூபைண்டர் ஒரு கணம் இருண்டு மீள்வது ஆடி எழுவதனாலேயே ஆகும். சாலை இரண்டாகப் பிரிந்த பின்னர் ஒரு கிளையில் கிடக்கும் கல், மற்றொரு கிளையில் செல்லும் வண்டியைத் தடுக்குமோ? அதுபோலவே, கண்ணிற்குரிய வழியில் தங்கிய தூசி படத்தைத் தொடுவதில்லை.

இனி, அந்தத் தூசி அத்துணைத் தெளிவாகத் தெரிவது ஏன் என்று ஆராய்தல் வேண்டும். லென்சிலிருந்து சென்சார் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, ஆடியின் வழியே அளந்தால் குவியத்திரையும் அவ்வளவு தொலைவிலேயே உள்ளது. அதனாலன்றோ திரையில் தெளிவாகத் தெரிந்த காட்சி படத்திலும் தெளிவாக அமைகிறது? நோக்குபவரின் கண் உண்மையில் தோரணத்தை நேராகக் காண்பதில்லை. திரையில் விழுந்த தோரணத்தின் உருவத்தையே பெரிதாக்கிக் காண்கிறது. அத்திரையின்மேல் ஒரு தூசி இருந்தால் அதுவும் உருவத்தோடு ஒரே தளத்தில் இருப்பதால், அவ்வளவே தெளிவாகவும் பெரிதாகவும் தெரிகிறது. ஆதலின் ஊசி முனையினும் சிறிய துகளும் கண்ணை உறுத்துகிறது.

லென்சின் முன்முகத்தில் உள்ள தூசியின் செயல் இதற்கு நேர்மாறானது. ஐம்பது மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்சை எஃப் 2 என்னும் அளவில் திறந்தால், ஒளி புகும் துளையின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆகும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள தூசி ஒன்று அதன் முன்னே இருந்தால், அது அத்துளையின் பரப்பில் 2,500 இல் ஒரு பங்கையே மறைக்கும். அதன் உருவமும் சென்சாரில் குவிவதில்லை. மறைந்த சிறு பங்கு ஒளியின் குறைவு படம் முழுவதும் பரவிவிடுகிறது. எனவே அது படத்திலும் தெரியாது, வியூபைண்டரிலும் தெரியாது. கண் முன்னே பெரிதாகத் தோன்றும் தூசி தீங்கற்றதாய் இருப்பதும், சிறிய தூசி மிகப் பெரிதாய்த் தெரிவதும் ஒளியியலில் வியப்பன்று. தூசியின் அளவை மட்டுமன்றி, அது தங்கிய இடத்தையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

ஆடியின்மேல் விழுந்த தூசியும் அத்தகையதே. ஆடி குவியத்திரையிலிருந்து சற்று விலகி இருப்பதால், அதன்மேல் உள்ள துகள் மங்கலாகி மறைகிறது. படம் எடுக்கும் நேரத்தில் ஆடி ஒளியின் வழியிலிருந்தே விலகிவிடுவதால், அத்துகளால் படத்திற்கு ஊறு இல்லை.

படத்தில் விழும் தூசி வேறு இடத்தில் உள்ளது. சென்சாரின் முன்னே மெல்லிய கண்ணாடித் தகடுகள் உள்ளன. அவற்றின் முகத்தில் ஒட்டிய துகளே படத்தில் புள்ளியாகிறது. துகள் சென்சாரைத் தொடாமல், ஒரு சிறு தொலைவு முன்னே நிற்கிறது. கணக்கின் எளிமைக்காக அத்தொலைவை ஒரு மில்லிமீட்டர் என்று கொள்க. லென்சிலிருந்து வரும் ஒளி கூம்பு வடிவாகக் குவிந்து சென்சாரின் ஒரு புள்ளியில் சேர்கிறது. எஃப் 2 அளவில் திறந்தால், துகள் உள்ள இடத்தில் அக்கூம்பின் விட்டம் அரை மில்லிமீட்டர் ஆகும். துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்றால், அது ஒளியில் நூற்றில் ஒரு பங்கையே தடுக்கும். எஃப் 16 அளவிற்குத் துளையைச் சுருக்கினால், கூம்பின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். அதே துகள் இப்பொழுது ஒளியில் நூற்றில் அறுபத்து நான்கு பங்கைத் தடுத்துவிடும். அப்பொழுது படத்தில் கரும்புள்ளி தோன்றுவதில் வியப்பென்ன?

இக்கணக்கின் பயனைத் தளவானூரிலேயே காணலாம். குகையின் உட்புறம் இருண்டது. அங்கே மிகுந்த ஒளியைப் பெறும்பொருட்டு லென்சின் துளையை அகலத் திறப்பர். சென்சாரில் தூசி இருந்தாலும் அப்படங்களில் அது தெரியாது. பின்னர் வெளியே வந்து, நண்பகல் வெயிலில் குன்றையும் அதற்கு மேலுள்ள வானத்தையும் சேர்த்து எடுப்பர். முன்னுள்ள பாறை முதல் தொலைவிலுள்ள குன்றுகள்வரை யாவும் தெளிவாக அமைய வேண்டித் துளையைச் சுருக்குவர். அப்பொழுது சமமான நீலவானத்தில் புள்ளிகள் பளிச்செனத் தெரியும். தூசி வெளியே வந்தபோது புகுந்தது என்று எண்ணுதல் பிழையாகும். அது குகையினுள்ளும் அங்கேயே இருந்தது. துளை சுருங்கியதும் வெளிப்பட்டது, அவ்வளவே.

ஆகவே, புள்ளியைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, அதனை எவ்வாறு துடைப்பது என்பதன்று. அது எங்கே உள்ளது என்பதே. அதனை அறிய நுண்கருவி எதுவும் வேண்டா. முதலில் வெண்சுவரையோ முகிலற்ற வானத்தையோ நோக்கி, எஃப் 16 அளவில் ஒரு படம் எடுத்தல் வேண்டும். அப்பொழுது குவியத்தைத் தெளிவு இல்லாதவாறு மாற்றி வைத்தால், சுவரின் சொறிகள் தூசியென மயக்கா. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளி இல்லையென்றால், வியூபைண்டரில் தெரிந்த தூசி கண்ணின் வழியில் மட்டுமே உள்ளது என்பது உறுதியாகும். படத்தில் புள்ளி இருந்தால், வேறொரு லென்சைப் பொருத்தி மீண்டும் ஒரு படம் எடுத்தல் வேண்டும். அதே இடத்தில் புள்ளி நின்றால் குற்றம் சென்சாரினுடையது. சென்சாரில் உருவம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதியில் உள்ள புள்ளிக்குரிய துகள் சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுதல் நன்று.

வியூபைண்டரில் மட்டும் தெரியும் தூசியையும் இவ்வாறே பிரித்தறியலாம். கண் வைக்கும் வில்லையின் வெளிமுகத்தில் உள்ளதாயின், அது மங்கலாகத் தெரியும். மென்மையான லென்சுத் துணியால் அதனை மெல்லத் துடைத்துவிடலாம். கூர்மையாகத் தெரிவதாயின், அது குவியத்திரையின் கீழ்முகத்திலோ மேல்முகத்திலோ உள்ளது எனக் கொள்ளலாம். கீழ்முகம் ஆடி இருக்கும் அறையை நோக்கியது. லென்சைக் கழற்றிக் காமிராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்து, புளோயர் எனப்படும் ரப்பர் ஊதுபந்தை மெல்ல அமுக்கிக் காற்றைச் செலுத்தினால், ஒட்டாத துகள்கள் கீழே விழுந்துவிடும். மேல்முகத்தில் உள்ள தூசி திரைக்கும் பட்டகத்திற்கும் இடையே சிக்கியது. ஊதுபந்தின் காற்று அங்கே எட்டாது. சில காமிராக்களில் மட்டுமே திரையைப் பயன்படுத்துவோர் கழற்ற இயலும். ஏனையவற்றைப் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் ஒப்படைத்தலே முறையாகும். படத்திற்கு ஊறு செய்யாத தூசியாதலின், வேலைக்கு இடையூறு இல்லாதவரை அதனை அவ்வாறே விட்டுவிடுதலும் குற்றமன்று.

செய்யத்தகாதவை சில உள. முதலாவது, துணியாலும் பஞ்சாலும் ஆடியையோ குவியத்திரையையோ தேய்த்தல். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம் பூச்சு இருக்கிறது. முன்னே உள்ள கண்ணாடி அதனைக் காக்கிறது. காமிராவின் ஆடிக்கோ பூச்சு முன்புறத்திலேயே உள்ளது. பின்புறம் பூசினால் கண்ணாடியின் இரு முகங்களிலும் ஒளி பட்டு எதிரொளித்து உருவம் இரட்டையாகிவிடும். அதனைத் தவிர்க்கவே முன்புறம் பூசினர். காப்பற்ற அந்த மெல்லிய பூச்சு ஒரு தேய்ப்பிலேயே கீறலுறும். குவியத்திரை பெரும்பாலும் மென்மையான பிளாசுடிக்கால் ஆனது. அதன் முகம் முழுவதும் நுண்ணிய வரிகளும் சொரசொரப்பும் உண்டு. ஈரத்தோடு தேய்த்தால் தூசி அவ்வரிகளுக்குள் புகுந்து படிந்துவிடும். இரண்டாவது, வாயால் ஊதுதல். மூச்சோடு நுண்ணிய உமிழ்நீர்த் துளிகள் சென்று ஒட்டிக்கொள்ளும். ஊதினால் நீங்கக்கூடிய தூசி, அதன்பின் ஒட்டிய கறையாகிவிடும். மூன்றாவது, அழுத்திய வாயுவை அடைத்த தகரக்குப்பியைப் பயன்படுத்துதல். அதனுள் இருக்கும் நீர்மம் சில வேளைகளில் குளிர்ந்த துளியாகவே வெளிப்பட்டு உறைந்த கறையை உண்டாக்கும். ஆடியை அசைத்து நிறுத்தும் உறுப்புகளும் மெல்லியவை; காற்றின் வேகம் அவற்றையும் தாக்கக்கூடும்.

சென்சாரின் தூசியை நீக்குவதற்குக் காமிரா செய்வோரே வழி கண்டுள்ளனர். ஒலிம்பசு நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட இ-1 என்னும் காமிராவில், சென்சாரின் முன்னுள்ள மெல்லிய தகட்டைக் காதிற்குக் கேளாத அதிர்வால் நடுங்கச் செய்து, தூசியை உதறும் முறை அமைக்கப்பட்டது. ஈரமான நாய் உடலைச் சிலிர்த்து நீரை உதறுவது போன்றது இது. பின்னர்ப் பிற நிறுவனத்தாரும் அம்முறையைக் கைக்கொண்டனர். அதனாலும் நீங்காத தூசிக்கு, ஆடியை மேலே நிறுத்தி வைக்கும் வசதியைக் காமிராவில் தெரிவு செய்து, ஊதுபந்தால் காற்றுச் செலுத்தலாம். அவ்வேளையில் மின்கலத்தில் நிறைந்த மின்னாற்றல் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஆடியும் ஷட்டரும் இடையில் மூடிக்கொண்டு ஊறுபடும்.

வந்த தூசியை நீக்குவதினும் வாராமற் காத்தல் எளிது. லென்சை மாற்றும்போதே பெரும்பாலான தூசி உள்ளே புகுகிறது. ஆடியின் அறையில் விழுந்த துகளை, ஆடி விரைந்து எழுந்து தாழும்போது உண்டாகும் காற்று மேலேயும் பின்னேயும் தள்ளுகிறது. வறண்ட காலத்தில் செம்மண் சாலையிலோ, நெல் தூற்றும் களத்தின் அருகிலோ லென்சை மாற்றுதல் தூசியை விருந்திற்கு அழைப்பது போலாகும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, காமிராவை அணைத்து, வாய் கீழ்நோக்கும்படி பிடித்து, மாற்ற வேண்டிய லென்சை முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொண்டு விரைவில் மாற்றுதல் வேண்டும். லென்சின் பின்மூடியிலும் தூசி சேரும். அதனையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். ஒரே நாளில் குகையின் உள்ளும் புறமும் எடுப்பவர், லென்சை மாற்ற வேண்டிய இடங்களை முன்னரே எண்ணித் திட்டமிட்டால், மாற்றும் முறைகளைப் பாதியாகக் குறைக்கலாம்.

புள்ளியின் பிறப்பிடத்தை ஆராய்ந்தறியும் இத்திறன் புதியதன்று. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசை போன்ற நீர்மத்தைப் பூசி, அது ஈரமாய் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டியிருந்தது. ஈரத்தில் தூசி எளிதில் ஒட்டியது. தகட்டின்மேல் தூசி இருக்கப் படம் எடுத்தால், அவ்விடத்தில் ஒளி படாது. நெகட்டிவ் அங்கே தெளிந்திருக்கும். அதிலிருந்து எடுக்கும் படியில் கரும்புள்ளி தோன்றும். படி எடுக்கும்போது நெகட்டிவின்மேல் தூசி இருந்தாலோ, தாளில் வெண்புள்ளி தோன்றும். எனவே அந்நாளைய வல்லுநர், புள்ளி கருமையா வெண்மையா என்று பார்த்தே, தூசி எந்நிலையில் புகுந்தது என்று கண்டுகொண்டனர். வெண்புள்ளியாயின் நெகட்டிவைத் தூய்மை செய்து மறுபடி எடுத்தனர். கரும்புள்ளியாயின் நெகட்டிவிலேயே நுண்ணிய தூரிகையால் வண்ணமிட்டு நிரப்பினர். ஸ்டுடியோக்காரர் அதனை ரீடச்சிங் என்பர்.

சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராய் அமர்ந்த லின்னேயசு டிரைப் என்பவர், 1858 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களையே அவர் கையாண்டார். வெறுமையாய் அமைந்த வானத்தில் முகில்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்ததும் உண்டு. ஆனால் அவர் எடுத்த படங்களில் அறிஞர் பெரிதும் போற்றுவது, தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாக எடுத்து ஒட்டிய நீண்ட படமாகும். இருபத்தொரு படங்களை இணைத்த அது ஏறத்தாழப் பத்தொன்பது அடி நீளமுள்ளது. வானத்தில் முகிலைச் சேர்த்தால் அது அழகு. கல்வெட்டில் ஒரு கோட்டைச் சேர்த்தால் அது பொய்.

இவ்வேறுபாடு தமிழ்க் கல்வெட்டில் மிகவும் கூர்மையாகிறது. மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுதல் வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் விதி. ஆயினும், பழைய கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடப்படவில்லை, சிலவற்றில் இடப்பட்டுள்ளது. எக்காலத்தில் எவ்வூரில் புள்ளி வழங்கியது என்பதைக் கொண்டு எழுத்தின் வரலாற்றை அறிஞர் ஆராய்கின்றனர். இந்நிலையில், சென்சாரில் ஒட்டிய துகள் ஒன்று படத்தில் ஓர் எழுத்தின் தலைமேல் வந்து விழுந்தால் என்னாகும்? கல்லில் இல்லாத புள்ளியைப் படம் இட்டுவிடும். க என்பதை ஒருவர் க் என்று படிக்கவும் கூடும். மாறாக, இக்காலத்துக் கணிப்பொறியில் புள்ளிகளைத் தானே கண்டு அழிக்கும் வசதி உள்ளது. ஆராயாமல் அதனை ஏவினால், பல நூற்றாண்டுகளுக்கு முன் சிற்பி உளியால் இட்ட மெய்யான புள்ளியே அழிந்துவிடவும் கூடும். பொய்ப் புள்ளியைச் சேர்ப்பதும் மெய்ப் புள்ளியை அழிப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்களாகும்.

அதற்குரிய காப்பும் எளியதே. ஒரே கல்வெட்டைக் காமிராவைச் சற்று நகர்த்தி இரண்டு முறை எடுத்தல் வேண்டும். கல்லில் உள்ள புள்ளி எழுத்தோடு சேர்ந்து நகரும். காமிராவில் உள்ள புள்ளியோ எழுத்தை விட்டுப் படத்தின் பழைய மூலையிலேயே நிற்கும். இரண்டு படங்களை அருகருகே வைத்து நோக்கினால், பள்ளி மாணவரும் இதனைப் பிரித்தறிந்துவிடலாம். பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழும்படி எடுத்தால், உளியால் குடைந்த புள்ளிக்கு நிழல் உண்டாகும். தூசியின் புள்ளிக்கு அத்தகைய நிழல் இராது.

இக்காலத்தில் ஆடியும் பட்டகமும் இல்லாத காமிராக்கள் பெருகிவிட்டன. சென்சார் காண்பதையே ஒரு சிறு மின்திரை அவற்றின் வியூபைண்டரில் காட்டுகிறது. அவற்றில் குவியத்திரை இல்லை; ஆதலின் அதில் தங்கும் தூசியும் இல்லை. ஆனால் லென்சைக் கழற்றினால், அவற்றுள் பலவற்றில் சென்சார் மறைவின்றி வெளிப்பட்டு நிற்கும். ஆடியின் காவல் போயிற்று. விழிப்பின் தேவை மிகுந்தது. கருவி மாறினும் கேட்க வேண்டிய வினா மாறுவதில்லை. தொலைநோக்கியின் வழியே வானத்தைக் காண்பவருக்கும், நுண்ணோக்கியின் வழியே நீர்த்துளியைக் காண்பவருக்கும் அதே வினா உரியது. நுண்ணோக்கியில் கண் வைக்கும் வில்லையைச் சுழற்றிப் பார்க்கும்போது புள்ளியும் உடன் சுழன்றால், அது வில்லையில் உள்ள தூசி. சுழலாது நின்றால், அது வேறிடத்தில் உள்ளது. இதனை ஆய்வுக்கூடத்தில் மாணவர் தாமே செய்து காணலாம்.

மருத்துவரைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியைத் தேடுமாறு பணித்தார். கருவிகளைக் கையாள்வோருக்கும் அந்நெறி பொருந்தும். கண்ணில் படும் குறை யாவும் பொருளில் உள்ள குறை ஆகா. சில, காணும் கருவியில் உள்ளவை. கருவியில் உள்ள குறைகளிலும் சில தீங்கு செய்வன, சில செய்யாதன. இவற்றைப் பிரித்தறிந்து, நீக்க வேண்டியதை நீக்கி, விட வேண்டியதை விடும் பொறுமை உடையவர் கையிலேயே காமிராவும் நீடித்து உழைக்கும். தளவானூர்க் கல்லில் பல்லவர் காலத்துச் சிற்பி பொறித்த எழுத்தும் பிழையின்றி வருங்காலத்தவரைச் சென்றடையும்.